பார்படோஸ், நான்கு ஆண்டு

பழைய ஆவணங்களின் ஸ்கேன் படங்களைப் பார்த்து எக்செல்லில் ஏற்றுவதுதான் அப்போது என் வேலை. பெயர், தொழில், எஜமான், போகும் இடம், எத்தனை ஆண்டு என்று வரிக்கு ஐந்து கட்டம். ஒருமுறை இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பதிவேடு வந்தது. 1654 முதல் 1686 வரை கடல் கடந்து வேலைக்குப் போன பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள். பார்படோஸ் என்பது கரீபியன் தீவு. ‘பார்படோஸ், நான்கு ஆண்டு’ என்பதைப் பார்க்காமலே அடிக்குமளவு விரல் பழகிவிட்டது.

சிறுவர்களையும் பெண்களையும் ஏய்த்துக் கப்பலேற்றுகிறார்கள் என்று புகார் கிளம்பியதால்தான் அந்தப் பதிவேடே தொடங்கியது. மற்றவர்கள் கப்பல் செலவுக்குக் காசில்லாமல் உழைப்பை அடகு வைத்தவர்கள். ஒப்பந்தத்தை ஒரே தாளில் இரண்டு முறை எழுதி, நடுவே பல் பல்லாக வெட்டி ஆளுக்கொரு பாதி கொடுப்பார்களாம். வழக்கு வந்தால் பல்லோடு பல் பொருந்த வேண்டும். அந்த ஒப்பந்தத்துக்கு ஆங்கிலத்தில் ‘இன்டென்ச்சர்’ என்று பெயர். அந்தச் சொல்லே பல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சேர்ந்தபோது இரண்டு வருஷ பாண்டில் கையெழுத்து வாங்கி, ஒரிஜினல் சான்றிதழ்களையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பாண்டின் நகல் கேட்டதற்கு, ‘அப்புறம் தர்றோம்’ என்றார்கள்.

1647இல் பார்படோஸ் போய் மூன்று ஆண்டு இருந்த ரிச்சர்ட் லிகன் என்ற ஆங்கிலேயர் அந்த ஆட்களின் நாளை மணிக்கணக்கில் எழுதியிருக்கிறார். காலை ஆறுக்கு மணி அடித்தால் வயல். பதினொன்றுக்குச் சோளக்கூழோ கிழங்கோ. ஒன்றிலிருந்து ஆறு வரை மறுபடி வயல். அடிமை என்றென்றைக்கும் சொத்து, வேலைக்காரன் ஐந்து வருஷம்தான், அதனால் அவனைத்தான் அதிகம் பிழிகிறார்கள் என்கிறார். வாடகை சைக்கிளை மிதிக்கிற மிதி!

சரி, இதை வைத்து இவர்களும் ‘வெள்ளை அடிமைகள்’தான் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வேலைக்காரனுக்குத் தவணை என்று ஒன்று இருந்தது, அவன் பிள்ளைக்கு அந்தக் கட்டு இல்லை. அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்களுக்குத் தவணையும் இல்லை, பிள்ளைக்கு விடுதலையும் இல்லை. 1661இல் தீவின் சட்டசபை இரு தரப்புக்கும் தனித்தனிச் சட்டமே போட்டது.

ஆனால் தவணை முடிந்தவனுக்கும் அந்தச் சின்னத் தீவில் நிலம் மிச்சமில்லை. எல்லாம் கரும்பாகிவிட்டிருந்தது. விடுதலைக் கூலியாக 400 பவுண்டு சர்க்கரை. பலர் ஜமைக்காவுக்கும் வேறு தீவுகளுக்கும் மறுபடி கப்பலேறினார்கள்.

என் பாண்டு முடிந்த அன்று சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலின் மேல் வட்டமாக ஒரு டீக்கறை இருந்தது.