வலக்காரர் புள்ள: ஒரு கானாக்காரன் பேர் வாங்கின கதை

பதினோரு வருஷமா காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் சாவு வீட்டுல கானா பாடிட்டிருக்கேன். ராத்திரி ஷாமியானாவுக்குக் கீழ உக்காந்தா விடியுற வரைக்கும் டோலக் ஓயாது. அங்க கூட்டத்தைப் பிடிக்கிறது எனக்குக் கஷ்டமா இருந்ததே இல்ல. 2018 ஜனவரியில கீழ்ப்பாக்கத்துல தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்ங்கிற பாட்டுக்குழு முதல் தடவை மேடை ஏறினப்போ கூட்டத்துல நானும் நின்னேன். கோட்டு போட்டுக்கிட்டு நம்ம பாட்டைப் பாடுறாங்க! சொந்தமா பாட்டு வெளியிடணும்னு ஆசை வந்தது அன்னைக்குத்தான். செய்யுறதுக்கு இன்னும் நாலு வருஷம் ஆச்சு.

முதல் பாட்டுல பேரே காலை வாரிடுச்சு. என் பேருக்கு முன்னாடி 'கானா'ன்னு போட்டு, பாட்டு ஆப்புக்கெல்லாம் அனுப்பி வைக்கிற டிஸ்ட்ரிப்யூட்டர் மூலமா ஏத்தினேன். ஸ்பாட்டிஃபையில தேடினா பாட்டு வருது, ஆனா வேற யாரோ ஒருத்தர் போட்டோவுக்குக் கீழ வருது. அதே பேர்ல ஏற்கெனவே ஆள் இருந்திருக்காரு, பக்திப் பாட்டு பாடுறவரு. ரெண்டு அம்மன் பாட்டுக்கு நடுவுல என்னோட குவாட்டர் பாட்டு! ஃபாரத்துல 'ஏற்கெனவே பக்கம் இருக்கா, புதுசா'ன்னு ஒரு கேள்வி இருந்துச்சு, படிக்காம டிக் அடிச்சுட்டேன். மெயில் மேல மெயில் போட்டு என் பாட்டைப் பிரிச்செடுக்க மூணு வாரம் ஆச்சு. அப்புறம் பேரையே மாத்திட்டேன். அப்பா வலை பின்றவரு, ஏரியாப் பெருசுங்க என்னைக் கூப்பிடுறதே 'வலக்காரர் புள்ள'ன்னுதான். அதைத் தேடிப் பார்த்தேன், ஒருத்தரும் இல்ல.

ரெண்டாவது பாட்டுக்கு நெட்டுல இலவசமா கிடைச்ச லூப் ஒண்ணை, அதாவது திரும்பத் திரும்ப ஓடுற இசைத்துண்டை, எடுத்துப் போட்டேன். யூடியூப்ல ஏத்தின அன்னைக்கே காப்பிரைட் க்ளெய்ம். அதே லூப்பை வச்சுப் பாட்டு பண்ணின யாரோ, மொத்தப் பாட்டையும் கன்டென்ட் ஐடியில, அதாவது ஒரே சத்தம் எங்க வந்தாலும் தானா கண்டுபிடிக்கிற யூடியூப் சிஸ்டத்துல, பதிஞ்சு வச்சிருக்காங்க. இனிமே அந்த லூப்பைத் தொடுறவன் எல்லாம் திருடன் மாதிரி. க்ளெய்ம் தப்புன்னு டிஸ்ப்யூட் போட்டேன். எதிராளி பதில் சொல்ல 30 நாள் டைம். பாட்டு சூடா இருக்குறதே முதல் ரெண்டு வாரம்தான். லூப் எடுத்த பக்கத்தோட லைசென்ஸை சேவ் பண்ணி வைக்காதது என் தப்பு.

என்கூட டோலக் வாசிக்கிற அண்ணன் திட்டின திட்டுல புத்தி வந்துச்சு. "இன்னாடா, சாவு வீட்டுல போய் எவனோ எழுதின பாட்டையா பாடுவோம்?" அவர் கேட்டது நியாயம்தான். போனவரு பேரு, பார்த்த தொழிலு, பேரப்புள்ளைங்க பேரு, எந்த டீக்கடையில உக்காருவாரு, எல்லாம் விசாரிச்சு சீட்டுல குறிச்சுக்கிட்டுத்தான் மைக்கைப் பிடிப்போம். போனைக் கையில எடுத்தா மட்டும் அந்தத் தொழிலை மறந்துட்டு ஊர்ல எல்லாரும் பாடுற காதல் தோல்வியைப் பாடிட்டிருந்தேன்.

மூணாவது பாட்டு மீன்பிடித் தடைக்காலத்தைப் பத்தினது. நம்ம கரையில ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நாள்ல வீட்டுல அடுப்பு எப்படி எரியுதுன்னு எழுதினேன். மார்ச்சுலயே விடிகாலையில ஹார்பருக்குப் போய் போன்ல சத்தம் பிடிச்சேன்: ஐஸ் உடைக்குறது, ஈரத்தரையில மீன் பொட்டியை இழுக்குறது. அந்த இழுவை சத்தத்தை வெட்டி டோலக்கோட சேர்த்தா, அதுதான் பீட்டு. இதுக்கு எவனாலயும் க்ளெய்ம் போட முடியாது.

இந்தத் தடவை பாட்டை ஒரு மாசம் முன்னாடியே ஏத்திட்டேன், ரிலீஸ் தேதி ஏப்ரல் 15. வெளிவராத பாட்டை மட்டும்தான் ஸ்பாட்டிஃபை ப்ளேலிஸ்ட்டுல சேர்க்கச் சொல்லிப் பிட்ச் பண்ண முடியும், அதையும் ஏழு நாளாவது முன்னாடி அனுப்பினாதான் ஃபாலோ பண்றவங்களோட ரிலீஸ் ரேடார்ங்கிற புதுப்பாட்டு லிஸ்ட்டுல விழும். 500 எழுத்துக்குள்ள பாட்டைப் பத்திச் சொல்லணும். 'வித்தியாசமான கானா'ன்னு எழுதி அழிச்சுட்டு, ஐஸ் சத்தம் எங்க பிடிச்சதுன்னு எழுதினேன். டோலக் அண்ணனுக்கு எவ்வளவு பங்குன்னு வெள்ளைப் பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். பாட்டு எழுதினவங்களுக்கும் மெட்டுப் போட்டவங்களுக்கும் வர்ற ராயல்டியை ஐபிஆர்எஸ்ங்கிற சங்கம் வசூல் பண்ணித் தரும், அதுலயும் விண்ணப்பிச்சேன்.

ப்ளேலிஸ்ட் எதுவும் கிடைக்கல. ஆனா தடை ஆரம்பிச்ச அன்னைக்கு, கரையில உக்காந்து வலை தைக்கிறவங்களை வச்சு எடுத்த இருபது செகண்ட் வீடியோ வாட்ஸாப் ஸ்டேட்டஸ்லயே எண்ணூர் வரைக்கும் போயிடுச்சு. ஒரு பாட்டு 12 மாசத்துல 1,000 ஸ்ட்ரீம் தாண்டலைன்னா ஸ்பாட்டிஃபை அதுக்குக் காசே தராது, 2024-லேர்ந்து இதான் ரூல். முதல் பாட்டு இன்னும் தாண்டல. இது ஜூன் வர்றதுக்குள்ள தாண்டிடுச்சு. கைக்கு வந்த காசு ஒரு நாள் சவுண்ட் சர்வீஸ் வாடகைக்குக்கூடக் காணாது, அது வேற விஷயம்.

போன மாசம் எர்ணாவூர்ல ஒரு துக்க வீடு. செத்தவரு முப்பது வருஷம் போட்டுக்குப் போனவராம். வழக்கம்போல விசாரிச்சுக் குறிச்சுக்கிட்டிருந்தப்போ பேரன் வந்து, "அண்ணே, தாத்தாவுக்கு அந்த ஐஸ் பாட்டு பாடுறீங்களா?"ன்னான். டோலக் அண்ணன் என்னைப் பார்த்தாரு: "ஐஸுக்கு எங்கடா போறது?" ஃப்ரீசர் பாக்ஸ் வர லேட்டானதால வாசல்ல ஒரு ஐஸ் பார் இறக்கி வச்சிருந்தாங்க.