தாய்வீட்டிலிருந்து திரும்பிய பிறகு

எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவந்து, சில மாதம் வைத்திருந்துதான் அனுப்புவார்கள். அதுவரை பூண்டுக்குழம்பு, பிள்ளையைக் குளிப்பாட்ட ஆள், ராத்திரி தூக்கிவைத்துக்கொள்ள ஆத்தா என்று எல்லாம் நடக்கும். எனக்குக் கவலையே அதற்கு அப்புறம்தான்.

பிரசவமான முதல் வாரத்தில் சும்மா சும்மா அழுகை வருவது நிறையப் பேருக்கு உண்டு, இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். அடங்காமல், பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் பிடிக்காமல், எதிலும் மனசு ஒட்டாமல், நான் நல்ல அம்மாவே இல்லை என்ற நினைப்பே ஓடிக்கொண்டிருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். முதல் வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம், அதாவது தாய்வீட்டுச் சீராட்டெல்லாம் முடிந்த பிறகும்.

என் அண்ணமிண்டிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, அப்படித்தான் ஆனது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிகிறது, பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார், கை போகவில்லை. "நாங்களெல்லாம் பிள்ளை பெறலையா" என்றார்கள் வீட்டில். அந்த ஒரு வார்த்தை எத்தனை பெண்களின் வாயை அடைத்திருக்கிறது! அண்ணன்தான் ராத்திரிப் பிள்ளையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, மறுவாரமே டாக்டரிடம் கூட்டிப்போனார்.

நகரத்தார் வீடுகளில் கல்யாணமானதும் மகனையும் மருமகளையும் வேறு வைப்பார்கள். அடுப்பு தனி, வரவு செலவு தனி, ஆனால் வளவு, அதாவது வீட்டு முற்றம், ஒன்று, கூப்பிட்ட குரலுக்கு ஆள் உண்டு. நல்ல ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றுகிறது. இப்போது காரைக்குடி வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறோம், அடுப்பு மட்டும்தான் தனியாகக் கூட வந்திருக்கிறது. அங்கே கூப்பிட்டால் வர வேண்டிய ஆள் புருஷன்தான், வேறு யார்? ஒரு வேளைத் தூக்கத்தை அவளுக்கு முழுசாக விட்டுக்கொடுங்கள். மாமியார்மார் வந்தால் பிள்ளையை மட்டும் கொஞ்சாமல் அவள் சாப்பிட்டாளா என்று கேளுங்கள்.

பால் கொடுக்கும்போது மாத்திரை கூடாது என்று பயந்து நாளைக் கடத்துகிறார்கள். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகள் இருக்கின்றன, டாக்டர் பார்த்துக் கொடுப்பார். முதலில் பேசிப்பார்க்கலாம் என்றால் இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, காசு கிடையாது, எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துகொள்வேன் என்கிற மாதிரி பேச்சு வந்தால் மட்டும் நாள் பார்க்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.