பூமியானது பிறப்பிக்கக்கடவது

பத்தாம் வகுப்பில் பரிணாமப் பாடத்தைத் தொடங்கும் நாளில் நான் புத்தகத்தைத் திறக்கச் சொல்வதில்லை. வலது கையை உள்ளங்கை மேலே தெரியும்படி மேசைமீது வைத்து, கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்துப் பிடித்து, மணிக்கட்டைச் சற்றே உட்புறமாக மடக்கச் சொல்வேன். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மணிக்கட்டின் நடுவே, இழுத்துக் கட்டிய கயிறுபோல ஒரு தசைநாண் புடைத்து எழும். சிலருக்கு எழவே எழாது. அவர்கள் பக்கத்திலிருப்பவரின் கையைப் பார்த்துவிட்டுத் தங்களுக்கு ஏதோ குறை என்று பயந்துபோவார்கள். குறை ஒன்றும் இல்லை. பால்மாரிஸ் லாங்கஸ் என்னும் அந்தத் தசை இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் கைப்பிடியின் வலுவில் வேறுபாடு தெரிவதில்லை. வேறோர் இடத்தில் அறுந்துபோன தசைநாணுக்கு மாற்றாக அறுவை மருத்துவர்கள் இதை எடுத்துப் பயன்படுத்துவதும் அதனால்தான். கைகளால் கிளைகளைப் பற்றி வாழும் குரங்கினங்களில் நன்கு வளர்ந்திருக்கும் இத்தசை, நம்மிடம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்ற நிலைக்கு வந்துவிட்டது.

சென்ற ஆண்டு இந்தப் பாடத்தை முடித்துவிட்டு வராந்தாவில் நடந்துகொண்டிருந்தபோது ஒரு மாணவி பின்னாலேயே வந்தாள். எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியிலும் அவள் என் வகுப்புதான். அந்த வாரம் ஊரில் நடந்த நற்செய்திக் கூட்டத்தில், வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர், பரிணாமத்தை ஒப்புக்கொள்கிறவன் வேதத்தைப் பொய்யாக்குகிறான் என்று பேசியிருந்தார். "டீச்சர், ஞாயிற்றுக்கிழமை நீங்க சொல்றது உண்மையா, திங்கட்கிழமை சொல்றது உண்மையா?" என்று அவள் கேட்டாள். கேட்கும்போதே கண் கலங்கியிருந்தது. இரண்டும் உண்மைதான் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. அவளுக்கு நான் தர வேண்டியிருந்த முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

நம் தமிழ் வேதாகமத்தில் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை வாய்விட்டு வாசித்தால் ஒன்று காதில் விழும். வெளிச்சத்துக்கு "உண்டாகக்கடவது" என்று நேராகவே கட்டளை பிறக்கிறது. புல்பூண்டுகளின் முறை வரும்போதோ, கட்டளை பூமியை நோக்கித் திரும்புகிறது: பூமியானது "முளைப்பிக்கக்கடவது". நீந்துவனவற்றை ஜலமானது "ஜநிப்பிக்கக்கடவது". மிருகங்களைப் பூமியானது "பிறப்பிக்கக்கடவது". எங்கள் பள்ளித் தமிழாசிரியர் இவற்றைப் பிறவினை என்பார். வேலையைச் செய்விக்கும் சொற்கள். தேவன் மண்ணுக்கும் தண்ணீருக்கும் ஒரு வேலையை ஒப்படைக்கிறார், அவை அதைச் செய்கின்றன. ஆதியாகமம் டார்வினை முன்னறிவித்தது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது வேதத்துக்கும் நியாயமாகாது, அறிவியலுக்கும் நியாயமாகாது. ஆனால், படைப்பு தனக்குக் கொடுக்கப்பட்ட ஆற்றலால் உயிர்களைப் பிறப்பிக்கிறது என்ற எண்ணம் நம் வேதத்துக்கு அந்நியமானதன்று என்பதை அந்த வினைச்சொற்களே காட்டுகின்றன.

சூரியன் நான்காம் நாளில்தான் வருகிறது; அப்படியானால் அதற்கு முந்தைய மூன்று நாட்களின் சாயங்காலமும் விடியற்காலமும் எத்தகையவை? முதல் அதிகாரத்தில் மிருகங்களுக்குப் பின் மனிதன். இரண்டாம் அதிகாரத்தில் மனிதனுக்குப் பின் மிருகங்கள். இவற்றைக் கண்டுபிடித்துக் கேட்க நாத்திகர்கள் தேவைப்படவில்லை. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆதியாகமத்துக்கு உரை எழுதிய சபைப் பிதா அகஸ்டின், அந்த நாட்களைச் சாதாரண நாட்களாகக் கொள்ள முடியாது என்று கண்டார். தேவன் யாவற்றையும் ஒருசேரப் படைத்து, விதைக்குள் மரம் அடங்கியிருப்பதுபோல் பின்னால் தோன்ற வேண்டியவற்றை உலகுக்குள் வைத்தார் என்று விளக்கினார். வானத்தையும் பூமியையும் பற்றி அவிசுவாசி கண்கூடாக அறிந்திருக்கும் ஒன்றில், கிறிஸ்தவன் வேதத்தின் பெயரால் தவறாகப் பேசினால், உயிர்த்தெழுதலைப் பற்றிய வேத வார்த்தையை அவன் எப்படி நம்புவான் என்றும் அவர் வருந்தி எழுதியிருக்கிறார். டார்வின் பிறப்பதற்கு ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டவை இவை.

தாயின் கர்ப்பத்தில் தேவன் என்னைக் காத்தார், விசித்திரவிநோதமாய் உருவாக்கினார் என்று 139-ஆம் சங்கீதத்தை நாம் மனப்பாடமாகச் சொல்கிறோம். கரு எப்படி வளர்கிறது என்ற பாடத்தையும் அதே பிள்ளைகளுக்கு நடத்துகிறோம்: ஒரே செல், இரண்டு, நான்கு, பிறகு முதுகுத்தண்டு, இதயத் துடிப்பு. அந்தப் பாடத்தை நீக்கச் சொல்லி எந்தப் பிரசங்கியாரும் பேசி நான் கேட்டதில்லை. ஒன்பது மாதத்தில் ஒரு மனிதனை இயற்கையின் வழியாகவே உருவாக்குகிறவர், கோடிக்கணக்கான ஆண்டுகளில் மனித இனத்தையும் இயற்கையின் வழியாகவே உருவாக்கினார் என்றால் அவருடைய மகிமையில் எது குறைந்துவிடும்?

சான்றுகளில் என்னை மிகவும் நெகிழவைத்தது நம் இரண்டாம் குரோமோசோம். சிம்பன்சி, கொரில்லா, உராங்குட்டான் ஆகியவற்றுக்கு 24 இணை குரோமோசோம்கள், நமக்கு 23. பொது மூதாதை ஒன்று இருந்தது உண்மையானால், நம் வழியில் இரண்டு குரோமோசோம்கள் ஒன்றாக ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியிருந்தால் தழும்பும் இருக்க வேண்டும். குரோமோசோம்களின் முனைகளில், ஷூக் கயிற்றின் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் குப்பிபோல, டெலோமியர் என்னும் பகுதி உண்டு. முனையில் இருக்க வேண்டிய அந்த டி.என்.ஏ. எழுத்துத்தொடர், நம் இரண்டாம் குரோமோசோமின் நடுப்பகுதியில் இரண்டு முனைகள் எதிரெதிரே முட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருப்பதை 1991-இல் ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். குரோமோசோமுக்கு ஒன்றே இருக்க வேண்டிய இடுப்புப் பகுதியான சென்ட்ரோமியர், செயலிழந்துபோன இரண்டாவது ஒன்றின் எச்சமாகவும் அதே குரோமோசோமில் இருக்கிறது. இதைப் படித்த இரவு எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. மண்ணினாலே உருவாக்கப்பட்டவன் மனிதன் என்று சிறுவயது முதல் கேட்டிருந்த எனக்கு, அந்த உருவாக்கத்தின் தையல் தெரிந்துவிட்டதாகவே பட்டது.

இந்தச் சான்றை ஒரு நீதிமன்றத்தில் எடுத்துவைத்தவர் கென்னத் மில்லர். அப்போது பிரவுன் பல்கலைக்கழகத்தின் உயிரியல் பேராசிரியர், வழிபாட்டுக்குத் தவறாமல் செல்லும் கத்தோலிக்கர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டோவர் என்னும் சிற்றூரின் பள்ளி வாரியம், 2004 அக்டோபரில் ஒரு தீர்மானம் போட்டது. பரிணாமப் பாடத்துக்கு முன், டார்வினின் கோட்பாட்டில் இடைவெளிகள் உள்ளன, உயிர்களை அறிவுள்ள ஒருவர் வடிவமைத்தார் என்னும் "அறிவுசார் வடிவமைப்பு" என்ற மாற்றுக் கருத்தும் உண்டு என்று ஓர் அறிக்கையை ஒன்பதாம் வகுப்பில் வாசிக்க வேண்டும். உயிரியல் ஆசிரியர்கள் வாசிக்க மறுத்துவிட்டார்கள். நிர்வாகிகள் வகுப்புக்கு வந்து வாசித்தார்கள். பெற்றோர் 11 பேர் வழக்குத் தொடுத்தார்கள். அவர்களிலும் ஆலயத்துக்குப் போகிறவர்கள் இருந்தார்கள். அவர்கள் தரப்பின் முதல் சாட்சியாக மில்லர் வந்தார். கத்தோலிக்க இறையியலாளர் ஜான் ஹாட் அவர்களும் அதே தரப்பில் சாட்சியம் அளித்தார். 2005 டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் 139 பக்கத் தீர்ப்பில், அறிவுசார் வடிவமைப்பு அறிவியல் அல்ல என்றும், அரசுப் பள்ளியில் அதைப் புகுத்துவது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்றும் கூறினார். ஜோன்ஸ் லூத்தரன் சபையைச் சேர்ந்தவர், குடியரசுக் கட்சிக்காரர், அவரை நியமித்தவர் ஜார்ஜ் புஷ். அந்த வழக்கு கிறிஸ்தவர்களுக்கும் நாத்திகர்களுக்கும் இடையே நடந்ததாக நம் கூட்டங்களில் சொல்லப்படுவதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். அந்த ஆசிரியர்களின் மறுப்பை நினைக்கும்போதெல்லாம், என் தொழிலைச் செய்கிறவர்கள் அவர்கள் என்று எனக்குப் பெருமையாக இருக்கிறது.

நம் நாட்டிலும் இது தொலைவிலிருக்கும் ஆபத்து அல்ல. கொரோனாக் காலத்துப் பாடச்சுமைக் குறைப்பு என்ற பெயரில், மத்திய அரசின் பாடநூல்களை வெளியிடும் என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அறிவியலில் "மரபும் பரிணாமமும்" என்ற பாடத்திலிருந்து பரிணாமம் எடுக்கப்பட்டது. 2023-இல் வந்த புதிய அச்சிலும் அது திரும்பவில்லை. 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டுக் கண்டித்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதே என்று பதில் சொல்லப்பட்டது. பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டு வணிகவியலுக்கோ கணினிக்கோ போகிற பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் புத்தகத்தை எங்கே பார்க்கப்போகிறது? தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் "உயிரின் தோற்றமும் பரிணாமமும்" பத்தாம் வகுப்பிலேயே இருக்கிறது. அதை முழுமையாக நடத்தாமல், தேர்வுக்கு வரும் கேள்விகளை மட்டும் குறித்துக்கொடுத்துத் தாண்டிப்போகிற ஆசிரியர்கள் என்னைப் போன்ற விசுவாசிகளிலும் உண்டு என்பதை வேதனையோடு சொல்கிறேன்.

காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர் இரண்டு மாதத்தில் உடம்பு தேறியதும் நிறுத்திவிடுகிறார். தாக்குப்பிடித்த கிருமிகள் பெருகுகின்றன. அடுத்த முறை அதே ரிஃபாம்பிசின் மாத்திரை வேலை செய்வதில்லை. இது இயற்கைத் தேர்வு, நம் தெருவிலேயே நடக்கிறது. ஆஸ்பத்திரிகள் கட்டி இந்த நாட்டில் பெயர் வாங்கிய சபைகள் நாம். அதே சபையின் பிள்ளைக்கு மருந்து ஏன் முழுவதும் சாப்பிட வேண்டும் என்பதன் காரணத்தை மறைப்பது எப்படி நியாயமாகும்?

கடினமானதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆதாமினாலே மரணம் வந்தது என்று பவுல் எழுதுகிறார். மனிதன் தோன்றுமுன்பே கணக்கற்ற உயிர்கள் பிறந்து செத்திருக்கின்றன என்று பாறைகள் சொல்கின்றன. பவுல் பேசும் மரணம் தேவனைவிட்டுப் பிரிகிற மரணம் என்ற விளக்கம் எனக்குப் பெருமளவு போதுமானதாக இருக்கிறது. ஆனாலும் இத்தனை வலியின் ஊடாக ஏன் என்ற கேள்வி முழுவதும் தீரவில்லை. கோதுமை மணி நிலத்தில் விழுந்து சாகாவிட்டால் தனித்திருக்கும் என்று சொன்ன இயேசு, அந்த வழியிலேயே தாமும் போனார் என்பதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பரிணாமத்தை மறுத்தாலும் அந்தக் கேள்வி போய்விடாது. குழந்தைகள் வார்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தவர்களுக்கு அது தெரியும்.

இதையெல்லாம் எங்கள் சபைப் போதகர் ஐயரவர்களிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள்; எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் மூத்த வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆதியாகமம் நடத்தும் இரண்டு ஞாயிறுகளை என்னிடம் விட்டார்கள். முதல் ஞாயிறு, ஆராதனைப் பாட்டின்போது கையில் மயிர்க்கூச்செறிவது ஏன் என்று பேசினோம். அடர்ந்த ரோமம் உள்ள விலங்கு குளிரிலோ பயத்திலோ ரோமத்தைச் சிலிர்த்துக்கொள்ள உதவும் சின்னஞ்சிறு தசைகள், ரோமம் மெலிந்துபோன நம் தோலிலும் முடிகளின் அடியில் இன்னும் இருக்கின்றன. அடுத்த வாரம் பாடகர் குழுவில் நின்றிருந்த அந்த மாணவி, பல்லவி முடிந்து ஆர்கன் மட்டும் ஒலித்த இடத்தில், என் பக்கமாகத் திரும்பித் தன் முன்கையை உயர்த்திக் காட்டினாள்.