மேல்காத்து

ஜூன் 12, புதன்

மேல்காத்து தொடங்கிட்டு. எங்க வீடு மேற்குப் பாத்த வாசல். மாமா வாசலை ஒட்டின தார்சாக் கட்டில்ல உக்காந்து பீடி பத்த வச்சா புகை தெருவுக்குப் போறதே இல்ல. நடுவீட்டுப் பட்டாசல் வழியா நேரா அடுப்படிக்கு வந்து நிக்கும். புறவாசக் கதவைத் திறந்து வச்சுப் பாத்தேன். திறந்தா இன்னும் வேகமா உள்ள இழுக்கு.

இன்னைக்கு எண்ணின பீடி 14.

ஜூன் 13

16.

ஜூன் 18, செவ்வாய்

ரத்தம் பாத்தாங்க. 9.8. 11 இருக்கணுமாம். இரும்புச்சத்து மாத்திரையை விடாமப் போடச் சொன்னாங்க. நர்ஸம்மா வயித்துல டேப் வச்சு அளக்கும்போது நான் அவங்க முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். போன தடவையும் இப்படித்தான் பாத்தேன்.

ஜூன் 20

தூக்கம் வரல. போன்ல தேடித் தேடிப் படிச்சேன். புகையில இருக்கிற கார்பன் மோனாக்சைடு, ரத்தத்துல ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்துல ஏறி உக்காந்துக்கிடுமாம். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமாப் பிடிக்குமாம். தாயோட ரத்தத்துல இருக்கிறதைவிட வயித்துப் பிள்ளை ரத்தத்துல கூடுதலாச் சேருமாம். நிக்கோட்டினும் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகும். அப்போ நான் ராத்திரி ராத்திரி மாத்திரை போட்டு ஏத்துற ரத்தத்துல யாரு ஏறி உக்காருறா?

பிள்ளை எடை குறையும்னு போட்டிருந்துச்சு. அடுத்த வரியில பாதி படிச்சதும் போனைக் கவுத்து வச்சுட்டேன்.

பீடியைத் திட்டவும் எனக்கு வாய் வரல. பத்தாவது முடிக்கிற வரைக்கும் அம்மாகூட உக்காந்து சுத்தினவ நான். இலையை நனைச்சு, தகரத்தை வச்சு வெட்டி, தூளை உள்ள வச்சு உருட்டி, நூலைக் கட்டி. 25 சுத்தினா ஒரு கட்டு. ஆயிரத்துக்கு இவ்வளவுன்னு கூலி. என் நோட்டு, கம்மல், கல்யாணச் சேலை எல்லாமே அந்தச் சொளவு முறத்துல இருந்து வந்ததுதான்.

ஜூன் 27

திருப்பூர்ல இருக்கிற என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "அப்பாட்ட நான் எப்பிடிட்டி சொல்ல முடியும்? நீ ரூமுக்குள்ள இருந்துக்கோ"ங்காக. ரூமுக்குக் கதவே கிடையாது, சேலைதான் தொங்குது. அவுகளுக்கும் தெரியும்.

அத்தை காதுல விழுந்திருக்கு. "நான் அஞ்சு பெத்தேன் இந்தப் புகையிலயே. என்ன செஞ்சுச்சு?"ன்னாக.

அஞ்சுல மூணு பேருதான் இருக்காக. அதை அத்தையும் சொல்லல, நானும் கேக்கல.

ஜூலை 9, செவ்வாய்

பஸ் ஸ்டாண்டுல போர்டைப் பாத்தேன். புகை பிடித்தால் அபராதம் 200 ரூபாய். 2008 அக்டோபர் 2-லிருந்து பொது இடத்துல பிடிக்கக் கூடாது. பஸ்ஸுக்குக் காத்திருந்த அரைமணி நேரமும் எனக்குப் பயமில்லாம இருந்துச்சு. பஸ்ஸு வர வேண்டாம்னு இருந்துச்சு.

ஜூலை 17

ஆடி பிறந்துட்டு. வளைகாப்பு ஆவணியிலதான்னு முடிவாயிட்டு. அம்மா வீட்டுக்குப் போக ஆடி முழுசா 31 நாள் கழியணும்.

ஜூலை 21

சாரல் விடவே இல்ல. மாமா கட்டில் பட்டாசலுக்கு வந்துட்டு.

ஜூலை 22

20-க்கு மேல எண்ணல.

ஜூலை 30, செவ்வாய்

32 வாரம். ஸ்கேன்ல 1.4 கிலோ. ரெண்டு வாரம் பிந்தி இருக்காம். "வீட்டுல யாராவது புகை பிடிப்பாங்களா?"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க. அத்தை பக்கத்துல நின்னாக. என் முந்தானை நுனியை அவுகதான் பிடிச்சிருந்தாக.

இல்லன்னு சொன்னேன்.

ஜூலை 31

ஏன் இல்லன்னேன்? யாரு மானத்தைக் காப்பாத்தினேன்? 2.5-க்குக் கீழ பிறந்தா எடை குறைஞ்ச பிள்ளைன்னு எழுதுவாங்க. அது கார்டுல ஏறும்போது நான் இல்லன்னு சொன்னதும் சேந்து ஏறுமா? நாள் பூரா அந்த ஒரு வார்த்தைதான் தொண்டையில நிக்கு.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. சோறு இறங்கல.

ஆகஸ்ட் 7, புதன்

நர்ஸம்மா வீட்டுக்கு வந்தாங்க. புறவாசல்ல கை கழுவத் தண்ணி ஊத்தும்போது சொல்லிட்டேன். அழவெல்லாம் இல்ல. 1.4-ன்னும், நான் சொன்ன பொய்யையும், தினம் எண்ணுற கணக்கையும் சொன்னேன்.

அவங்க நேரா மாமாட்ட போயிட்டாங்க. என் நெஞ்சு அடிச்சது எனக்கே கேட்டுச்சு. "ஐயா, பிள்ளை வளரல. புகையும் ஒரு காரணமா இருக்கும்"னாங்க. மாமா கையில பத்த வைக்காத பீடி. "நான் தள்ளித்தானம்மா உக்காந்து குடிக்கேன்"னாக. "வீட்டுக்குள்ள எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான்யா. ஜன்னலைத் திறந்தாலும் ஃபேனைப் போட்டாலும் முழுசாப் போகாது." மாமா அந்தப் பீடியை உருட்டி உருட்டிப் பாத்தாக. அப்புறம் காதுல சொருகிக்கிட்டாக. பீடிக்கட்டுத் தாள்ல இருந்த 1800-11-2356-ஐக் காட்டி, விடணும்னு நினைச்சா இதுல கூப்பிடுங்க, காசு கிடையாதுன்னு சொல்லிட்டுப் போனாங்க.

சாயங்காலம் மாமா கேட்டாக. "தாயி, நீ ஏன் என்ட்ட சொல்லல?"

நான் இத்தனை நாளும் அவுகளைக் கல்லுன்னு நினைச்சிருந்தேன். அவுகளுக்குத் தெரியவே தெரியாது.

ஆகஸ்ட் 8

கட்டில் தொழுவத்துக்குப் போயிட்டு. அத்தை என்கிட்டப் பேசல.

ஆகஸ்ட் 11

மழையில தலையில துண்டைப் போட்டுக்கிட்டு வேப்பமரத்தடியில நின்னு குடிக்காக. 70 வயசு. பாக்க முடியல. ஆனா உள்ள வாங்கன்னும் நான் சொல்லல. சொல்ல மாட்டேன்.

துவைக்கப் போட்ட துண்டுல அதே வாடை. தனியா ஊற வச்சேன்.

ஆகஸ்ட் 14

நடுராத்திரி பட்டாசல்ல வாடை. எழுந்திரிக்கல. சேலையை மூக்குல வச்சுக்கிட்டுக் கிடந்தேன்.

ஆகஸ்ட் 17

ஆவணி 1.

ஆகஸ்ட் 22

வளைகாப்பு. கை நிறைய வளையல். சத்தத்துக்குப் பிள்ளை புரண்டுச்சு. கிளம்பும்போது மாமா வேன் பக்கம் வரல, மரத்தடியிலயே நின்னாக. "சட்டையில வாடை இருக்காம், அதான் வரல"ன்னு அத்தை சொன்னாக. ரெண்டு வாரத்துக்கு அப்புறம் என்கிட்ட அவுக பேசின முதல் பேச்சு.

ஆகஸ்ட் 23

அம்மா வீடு. சொளவுல தூள். மூலையில சாக்குல தூள். ராத்திரி தும்மித் தும்மி எழுந்தேன். ஆடி முழுக்க இந்த வீட்டுக்கு நாள் எண்ணினேனே, இதை எப்படி மறந்தேன்? பிறந்ததுல இருந்து மூக்குல இருக்கிற வாடை. அது வாடையாவே தெரிஞ்சதில்ல.

ஆகஸ்ட் 24

அம்மா ஒண்ணும் கேக்கல. சாக்கையும் சொளவையும் தூக்கிக்கிட்டு எதுத்த வீட்டுத் திண்ணைக்குப் போயிட்டா. வீட்டை ரெண்டு தடவை கழுவி விட்டோம். இன்னைக்கு 600 தான் சுத்த முடிஞ்சுதாம்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

2.1. இன்னும் 400 கிராம்.

ஆகஸ்ட் 29

மாமா போன். "எடை எவ்வளவு தாயி?" சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. "இன்னைக்கு நாலுதான்"னாக.

செப்டம்பர் 2

காலையில இருந்து அசைவு கம்மி மாதிரி இருக்கு. சாப்பிட்டு இடது பக்கமாப் படுத்து எண்ணச் சொல்லியிருக்காங்க. ரெண்டு மணி நேரத்துல 10 வரணும், இல்லன்னா உடனே வந்துரணும். அம்மா செருப்பை மாட்டிக்கிட்டே உக்காந்திருக்கா.

இப்ப 6.