இன்னும் சேணம் கைக்கு வரலை

குதிரை ஏறப் போறேன்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. ஆனா பயிற்சியாளர் அம்மா இன்னும் தரையிலதான் நிக்க வச்சிருக்காங்க. கலிஃபோர்னியாவுல ஒரு சின்னப் பண்ணை, குவார்ட்டர் ஹார்ஸ்ங்கற இனத்துல சாதுவான குதிரை ஒண்ணு, முடிச்சுப் போட்ட கயிற்றுத் தலைக்கட்டு. கடிவாளம் கிடையாது. அடிச்சு மிரட்டாம, குதிரையோட இயல்பைப் புரிஞ்சு பழக்கற 'நேச்சுரல் ஹார்ஸ்மன்ஷிப்' பாணி இது.

கயிறு லேசா இறுகணும், அவ்வளவுதான். குதிரை ஒரு அடி எடுத்து வைக்கக்கூட வேண்டாம். நாம கேட்ட பக்கம் உடம்பைச் சாய்ச்சாலே உடனே தளர்த்திடணும். அது கத்துக்கறதே நாம விடற அந்த நொடியிலதான். கொஞ்சம் தாமதிச்சா வேற எதையோ பாடமா எடுத்துக்கிட்டு நிக்கும்.

நெற்றிக்கு நேர் முன்னாடியும் வாலுக்குப் பின்னாடியும் அதுக்குக் கண் தெரியாது. அதனால தோள் பக்கமாத்தான் கிட்டப் போகணும். காது என் பக்கம் திரும்பினா கவனம் என் மேல. பின்னால படிஞ்சு ஒட்டிக்கிட்டா கோபம், ஒதுங்கிடணும்.

இந்தப் பாணிக்கு முன்னோடின்னு சொல்ற டாம் டோரன்ஸ் (1910–2003) ஆரிகன்ல மாட்டுப் பண்ணையில வளர்ந்தவர். அவர்கிட்ட கத்துக்கிட்ட ரே ஹண்ட் ஊர் ஊரா வகுப்பு நடத்திப் பரப்பினார். இப்போ இதே பேர்ல விக்கிற விலையேறின பயிற்சிக் குச்சி, வீடியோ கோர்ஸுக்கெல்லாம் நான் காசு போடறதா இல்லை. கயிறும் பொறுமையும் போதும்னுதான் தோணுது.

சனிக்கிழமை குதிரையைப் பின்னோக்கி நடக்க வைக்கற பயிற்சி. பக்கத்துல இருக்கறவங்க வேடிக்கை பார்க்க வர்றதா இருந்தா சொல்லுங்க. பூட்ஸ் கட்டாயம், செருப்போட வந்தா உள்ளே விடமாட்டாங்க.