பழைய கார்: துரு எடுத்து, ஷேடு பிடித்து, இடது கதவு முடிந்தது

இடது முன் கதவின் கீழ் விளிம்பில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது, அதனால் அங்கேயே தொடங்கினேன். கதவில் துரு பெரும்பாலும் உள்ளிருந்துதான் வருகிறது. கண்ணாடி ஓரத்து ரப்பர் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கத்தான் செய்யும், அது வடிவதற்காகவே கதவின் அடியில் ஓட்டைகள் இருக்கின்றன, அவை மண்ணும் பழைய பெயிண்டும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் மடிப்பில் தேங்கி தகட்டை அரிக்கும். உள் அட்டையைக் கழற்றினேன், அதேதான்.

உதிர்கிற பொருக்கைச் சுரண்டி, வயர் பிரஷும் உப்புத்தாளும் போட்டு, வெறும் தகடு மின்னும்வரை தேய்த்தேன். கை நுழையாத மடிப்பில் மட்டும் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி. அது மெல்லிய துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றிவிடும், ஆனால் தடித்த பொருக்கை ஊடுருவாது. மிச்ச அமிலத்தைத் துடைத்து, நன்றாக உலர்த்திய பிறகுதான் எபாக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சு, இல்லாவிட்டால் பிரைமர் பிடிக்காது. தேய்த்த தகட்டை அப்படியே விட்டும் வைக்காதீர்கள், காற்றில் ஈரம் இருந்தால் சில மணி நேரத்திலேயே செம்மை படரும். சாம்பல் நிற சாதாரண பிரைமர் அடித்து வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வழக்கம். அந்தப் பிரைமரில் நுண்துளைகள் உண்டு, ஈரம் அதன் வழியாகவே தகட்டுக்குப் போகும். பள்ளத்தை நிரப்பும் பட்டியையும் எபாக்சிக்கு மேல்தான் போட்டேன்.

சரி, நிறம். வண்டியின் அடையாளத் தகட்டில் இருக்கும் பெயிண்ட் குறியீடு தொழிற்சாலையில் அடித்த நிறத்தைச் சொல்லும், இத்தனை காலம் வெயில் குடித்த நிறத்தைச் சொல்லாது. டிக்கி ரப்பருக்கு அடியில் பார்த்தால் ஆழமான நீலம், வெளியே ஃபெண்டரில், அதாவது முன் சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டில், வெளிறிய நீலம். முழு வண்டிக்கும் அடிப்பதாக இருந்தால் டிக்கிக்கு அடியில் இருப்பதே சரியான நிறம், ஒரு கதவு மட்டும் என்றால் பக்கத்து ஃபெண்டரோடுதான் ஒத்துப்போக வேண்டும். அதற்கு முன் ஃபெண்டரைக் காம்பவுண்ட் என்ற பாலிஷ் பசை போட்டுத் தேய்த்தாக வேண்டும், இல்லையென்றால் மேலே வெளுத்துக் கிடக்கும் படலத்துக்கு ஷேடு பிடித்துக்கொண்டிருப்போம்.

நிறத்தை அளக்கும் நிறமானி காட்டிய கலவை ஆரம்பத்துக்கு நல்ல துணை. முடிவு செய்தது கலவையை அடித்துப் பார்க்கும் சோதனை அட்டைதான். ஈரத்தில் ஒரு நிறம், உலர்ந்தபின் இன்னொன்று, நிறமில்லாத மேல்பூச்சான கிளியர் கோட் ஏறியதும் மேலும் ஆழம், ஆகவே எல்லாம் முடித்து உலர்ந்த அட்டையையே ஃபெண்டர் மேல் அதே சாய்வில் பிடித்துப் பார்த்தேன். பகல் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்த அட்டை டியூப்லைட்டில் பச்சை காட்டியது, இன்றைய நிறமிகள் அன்றையவை அல்ல என்பதால் இது நடக்கும். மஞ்சளைக் குறைத்து, கறுப்பைத் துளித்துளியாகச் சேர்த்து, இரண்டு வெளிச்சத்திலும் ஒத்துவரும்வரை விடவில்லை. அப்போதும் கதவு விளிம்போடு நிறுத்தாமல் நிறத்தை ஃபெண்டருக்குள் மெலிதாக இழுத்துவிட்டு, கிளியர் கோட்டை ஃபெண்டர் முழுக்க அடித்தேன். கண் ஒரு கோட்டில் வித்தியாசத்தைப் பிடித்துவிடும், படிப்படியாக மாறினால் பிடிக்காது.

இரண்டு விஷயம். பழைய பெயிண்டில் தின்னர் நனைத்த துணியை வைத்துப் பாருங்கள், நிறம் துணியில் கரைந்து வந்தால் மேலே அடிக்கும் புதுப் பெயிண்ட் அதைச் சுருக்கிவிடக்கூடும், நடுவே இரண்டையும் பிரிக்கும் சீலர் பூச்சு தேவை. அப்புறம் ஹார்டனர் (பெயிண்டை இறுக்கும் திரவம்) கலக்கும் பெயிண்டில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, அது நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடும், துணி முகமூடி எதற்கும் ஆகாது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடி இல்லாமல் ஸ்ப்ரே கன்னைத் தொடாதீர்கள்.

பெயிண்ட் இறுகியதும் கதவுக்குள் நீளக் குழாய் வைத்து மெழுகு பீய்ச்சினேன், மடிப்புக்குள் ஊர்ந்து போகிற மெல்லிய வகை. பிறகு வடிகால் ஓட்டைகளைக் கம்பி விட்டுத் திறந்தேன். அடித்தளத்துக்குத் தார் பூச்சு வேண்டாம் என்று முடிவு, அது காலப்போக்கில் வெடித்து, வெடிப்புக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடுத்தது முன் கண்ணாடி ரப்பரின் கீழ்ப்பக்கம், அங்கேயும் ஓரத்தில் பழுப்பு தெரிகிறது.