கம்பியை நம்பிக் கெட்ட கதை

மாக் 2, அதாவது ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் பாய்கிற காற்று. கணக்குப்படி வெப்பநிலை 300 கெல்வின்தான், அதாவது 27 டிகிரி. அதில் தெர்மோகப்பிளை, அதாவது வெப்பநிலை அளக்கும் உலோகக் கம்பியை, நுழைத்தால் மீட்டர் 240 டிகிரிக்குப் பக்கத்தில் காட்டுகிறது. நான் மீட்டரைத் தட்டினேன், வயரை மாற்றினேன், பிடுங்கி மறுபடி சொருகினேன், அரை நாள் போனது. மீட்டர் பாவம், அதில் ஒரு குறையும் இல்லை. பாய்ந்து வருகிற காற்று கம்பியில் முட்டி நிற்கும்போது அதன் வேகமெல்லாம் அங்கேயே சூடாக மாறிவிடுகிறது. கம்பி சொன்னது தன் சூட்டை, காற்றின் சூட்டை அல்ல.

தீச்சுடரில் வம்பு வேறு மாதிரி. மீத்தேன் சுடர் காற்றில் 1950 டிகிரி வரை போகும், பிளாட்டினம் கம்பி 1768லேயே உருகிவிடும். உருகாத கம்பியாகப் பார்த்துப் போட்டாலும் அது சோம்பேறி, சூடேறி ஆறுவதற்கே பல மில்லிநொடி எடுக்கும், கொந்தளிக்கிற சுடரில் அதற்குள் சூடான வாயுவும் குளிர்ந்த வாயுவும் மாறி மாறிக் கடந்து போயிருக்கும். மிஞ்சுவது சராசரி. சராசரி போதாதா என்றால், பாதி நேரம் 1200, பாதி நேரம் 2000 கெல்வின் என்று வையுங்கள். சராசரி 1600. ஆனால் புகையில் வருகிற மாசான நைட்ரிக் ஆக்சைடு உண்டாவதில் முக்கியமான வினையின் வேகம் 1600இல் இருப்பதைவிட 2000இல் சுமார் 120 மடங்கு. சராசரியை வைத்துப் புகையைக் கணக்குப் போட்டால் அம்பேல்.

அதனால்தான் கார்ஸ் (CARS), கம்பியே இல்லாமல் லேசர் ஒளியால் வெப்பநிலை அளக்கிற முறை. நம்ம திருச்சியில் பிறந்த ராமன் 1928இல் கண்ட ஒளிச் சிதறலின் முரட்டுத் தம்பி என்று சொல்லலாம், 1965இல் ஃபோர்டு கம்பெனி ஆய்வகத்தில் மேக்கரும் டெர்ஹியூனும் பார்த்தது. 532 நானோமீட்டர் பச்சை லேசர் கற்றை இரண்டு, 607ஐ ஒட்டிய செம்மஞ்சள் கற்றை ஒன்று, மூன்றையும் ஒரே புள்ளியில் சந்திக்க வைக்க வேண்டும். இரண்டு நிறங்களுக்கும் உள்ள இடைவெளி நைட்ரஜன் மூலக்கூறின் அதிர்வோடு பொருந்தினால் அங்கிருந்து நாலாவதாக ஒரு நீலக் கற்றை கிளம்பும், 473 நானோமீட்டரில். முதல் முறை இருட்டில் வெள்ளை அட்டையில் அந்த நீலப் பொட்டு விழுந்தபோது, லேசருக்கான சாயத்தை மாற்றி மாற்றிச் சிவந்துபோன கையோடு, கத்தியே விட்டேன்.

அந்த நீலத்தின் நிறமாலையில்தான் வெப்பநிலை ஒளிந்திருக்கிறது. அறைச் சூட்டில் அதிர்கிற நைட்ரஜன் அநேகமாகக் கிடையாது, 2000 கெல்வினில் நூற்றுக்குப் பதினைந்து முதல் அதிர்வுப் படியில் இருக்கிறது, அதனால் பக்கத்தில் இரண்டாவதாக ஒரு மேடு எழும்புகிறது. அதன் உயரத்தைக் கணக்கோடு ஒப்பிட்டால் வெப்பநிலை. லேசரின் ஒரு துடிப்பு 10 நானோநொடிதான். வாயு நொடிக்கு 1000 மீட்டரில் ஓடினாலும் அதற்குள் ஒரு தலைமுடித் தடிமன்கூட நகராது.

சரி, குறையே இல்லையா? நிறைய. என் லேசர் நொடிக்கு 10 துடிப்புதான் அடிக்கும், அதாவது தனித்தனிப் படங்கள் கிடைக்கும், சினிமா கிடைக்காது. அப்புறம் சிக்னல் அடர்த்தியின் இருமடியாகப் போகிறது, சூடான வாயு மெலிந்தது, ஆகவே அளக்கும் அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் குளிர்ந்ததும் சூடானதும் கலந்திருந்தால் குளிர்ந்ததன் குரல்தான் ஓங்கிக் கேட்கும். இதெல்லாம் போதாதென்று கொந்தளிப்பே கற்றைகளை லேசாக வளைத்துவிடும், மூன்றும் சந்திக்காமல் ஷாட் காலியாகப் போகும்.

மங்கலான ஷாட்களைத் தூக்கிப் போடு என்கிறார் என் கைடு. மங்கலாக இருப்பது கற்றை தவறியதாலா, நிஜமாகவே அங்கே பயங்கரச் சூடாக இருந்ததாலா என்று எப்படிப் பிரிப்பது? எறிந்தால் சூடானவைதான் முதலில் போகும். மூன்று வாரமாக இதே சண்டை.